பன்னிரண்டு மணி லோடு

எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு ‘மூவேளை அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா; முதுகு திரும்பியதும் முன்னால் மூவேளை வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே தெரியும். தெரிந்து உள்ளூரப் பெருமைப்பட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கிருமிநீக்க அறையின் பொறுப்பாளர். அடித்தளத்தில், சமையலறைக்கும் சலவை அறைக்கும் நடுவே, ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தத்தோடு வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, எண்ணித் தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, நீராவி மெஷினுக்குள் தள்ளுவோம். நூற்றிருபத்தொரு டிகிரியில் அரை மணி நேரம் இடைவிடாமல் வேகவேண்டும். டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு பட்டால் கறுக்கும். ஆனால் அரைகுறைச் சூட்டுக்கும் கறுத்துவிடும். மெஷினின் பக்கவாட்டிலிருந்து ஒரு காகித நாடா வரும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று அதில் அச்சாகியிருக்கும். டேப்பை நம்பாதே, நாடாவை நம்பு என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். நன்றாகவே எடுப்பேன்.

பகல் பன்னிரண்டுக்கு மாடியில் சிற்றாலய மணி அடிக்கும். அடித்ததும் எங்கள் அறையில் எல்லாம் நிற்கும். மூன்று நிமிடம், காலை, பகல், மாலை மூன்று வேளையும் மாதாவை நினைத்துச் சொல்லும் மூவேளை ஜெபம். இந்த வழக்கத்தை ஆரம்பித்தவள் நான். தியேட்டர் நர்ஸுக்கு இது பிடிக்கவில்லை. “மெஷின் ஓடும்போது கண்ணை மூடிக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு ஜெபமா, தூக்கமா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! நேரே ஆஸ்பத்திரியை நடத்தும் மதரிடம் போனேன். வேலை செய்யும் இடத்தில் விசுவாசத்தைக் காட்டக் கூடாதா, இது நம் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரிதானா என்று கேட்டேன். மதர் எழுத்திலேயே அனுமதி கொடுத்தார். அந்த வருட ஆண்டு மலரில் நாங்கள் கைகூப்பி நிற்கும் படம் முழுப் பக்கத்தில் வந்தது. நடுவில் நான். அதில் நான் கொஞ்சம் ஒல்லியாகவே தெரிவேன். இரண்டு பிரதி வாங்கி வைத்தேன்.

மெஷினை ஓட்டுபவரை நாங்கள் வால்வு என்று கூப்பிடுவோம். எது பழுதானாலும் ‘வால்வைப் பாக்கணும்’ என்பார். லிஃப்ட் நின்றாலும் அதுதான், யாருக்காவது தலைவலி வந்தாலும் அதுதான். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வண்டியில் உட்கார்ந்து பூசை முடியும்வரை பேப்பர் படிப்பார். உள்ளே வாங்களேன் தம்பி என்று கூப்பிட்டால், “உள்ள எல்லாம் நீங்க பாத்துக்கறீங்களேக்கா” என்பார். அவர் மகளுக்கு நான்தான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி, சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளுக்காகப் பதில் சொன்னவள் நான். பன்னிரண்டு மணி ஜெபத்தின்போது வால்வு கைகூப்பமாட்டார். மெஷின் முகப்பைப் பார்த்தபடி ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நிற்பார். இந்த மனுஷனை என்று திருத்துவது என்று மனதுக்குள் கரித்துக் கொட்டுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அன்றைய நான்காவது லோடு மெஷினுக்குள் இருந்தது. ஆறு தட்டு. அதில் ஒன்று முழங்கால் ஆபரேஷன் தட்டு. மூன்று மணிக்குத் தியேட்டரில் வேண்டும். மணி அடித்தது. பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். நான் தொடங்கினேன். ஜெபத்தில் இரண்டாவது ‘அருள்நிறைந்த மரியே’ பாதியில் இருக்கும்போது மெஷின் கத்த ஆரம்பித்தது.

கண்ணைத் திறந்தேன். வால்வு முகப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டட்டுமா என்று கேட்கிறார். அதுதான் விதி. நான் உள்ளங்கையைத் தாழ்த்தி இரண்டு முறை ஆட்டினேன். சத்தத்தை நிறுத்து, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். வாயில் ஜெபம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை. அவர் தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். சத்தம் நின்றது. மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். என் கையை அவர் ஒருவர்தான் பார்த்தார்.

ஜெபம் முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

“அக்கா, நீராவி இறங்கி இப்பதான் ஏறுது. முடிஞ்சதும் நாடாவைப் பாத்துட்டு அனுப்புங்க. சரியில்லன்னா நான் வந்து மறுபடி ஓட்டறேன். அந்த வால்வையும் பாக்கணும்.”

கடைசி வார்த்தைக்குப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்.

லோடு முடிந்து கதவைத் திறந்தேன். ஆறு தட்டிலும் டேப் கறுத்திருந்தது. மேலேயிருந்து ஆள் வந்து அவசரப்படுத்தினான். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒன்றரை மணிக்கு நாடாவை ரிஜிஸ்டரில் ஒட்ட உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். நடுவில் ஆறு நிமிடம் வெறும் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. அந்த ஆறு தட்டும் தேறாது. பச்சைத் துணிக்குள் இருப்பது கழுவிய இரும்பு, அவ்வளவுதான்.

மூன்று மணிக்குத்தான் ஆபரேஷன். ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. டெலிபோன் என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று எண்ணை அழுத்தி, நாலாம் நம்பர் லோடைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லவேண்டும். ஐந்து வார்த்தை. பேச்சுப் போட்டியா என்ன, ஐந்து வார்த்தை வராமல் போவதற்கு!

வரவில்லை. தியேட்டர் நர்ஸின் குரல் என் காதில் முன்னாடியே கேட்டுவிட்டது. ஏன் இறங்குச்சு? அலாரம் அடிக்கலையா? அடிச்சப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான். அந்தப் பதிலைச் சொன்னால் நாளை முதல் என் அறையில் ஜெபம் இருக்காது. மதர் முன்னால் நான் வாதாடி வாங்கியது, ஆண்டு மலரில் வந்தது, எல்லாம் அந்த நர்ஸ் சொன்ன ‘தூக்கம்’ என்ற ஒரு சொல்லாகிவிடும். இதை விசுவாசம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஜெபத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். காப்பாற்றியது என் மூஞ்சியைத்தான்.

டேப் கறுத்துத்தானே இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்றேன். நான் பார்க்கவேண்டியதை அவர் தலையில் கட்டிவிட்டு ரிஜிஸ்டரை மூடினேன். வால்வு சாப்பிட்டு வந்ததும் கேட்டார்.

“நாடா சரியா இருந்துச்சாக்கா?”

“ம்.”

அந்த ‘ம்’ ஒன்று போதும், நான் நரகத்துக்குப் போக.

மறுநாள் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்க, கோயிலுக்குப் போவது என் பல வருட வழக்கம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாள் படியிடுவதில் எனக்கிருக்கும் கைத்திறனை இங்கே சொல்லியாகவேண்டும். இது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். அடிக்கடி போகாதவர்களுக்கு வராது. அவர்கள் உளறிக் கொட்டிவிடுவார்கள். நாங்கள் அப்படியில்லை. முதலில் சின்னச் சின்னதாக நாலு வைப்போம். மருமகளிடம் எரிந்து விழுந்தேன். ஜெபத்தில் பராக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மறந்துபோய் இறைச்சி சாப்பிட்டேன். பிறகு நடுவில், துணியில் சுற்றி, பெரியதை வைப்போம். கடைசியில் மறுபடி ஒரு சின்னது, கையைத் துடைத்துக்கொள்வதுபோல.

“வேலைல கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டேன், ஃபாதர்” என்றேன்.

“எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார் எங்கள் பங்குச் சாமியார். அபராதமாக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். பாவமன்னிப்பும் கொடுத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்! தட்டு தெரியுமா, நாடா தெரியுமா? நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடமாக ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். பிறருக்குச் செய்த கேட்டைச் சரிசெய்யாமல் மன்னிப்பு இல்லை என்று கரும்பலகையில் எழுதிப் போடுபவள். அன்றைக்கு வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து அந்த முழங்கால் சீழ் பிடித்தது.

ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாள் ஒரு தையல்காரர். ஐம்பது வயதிருக்கும். முப்பது வருடம் மிதித்துத் தேய்ந்துபோன முழங்காலைச் சரிசெய்துகொள்ளத்தான் வந்திருந்தார். மறுபடி திறந்தார்கள், கழுவினார்கள், மூடினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி. கால் தப்பியது, முழங்கால் தப்பவில்லை. இனி மடங்காது என்றார்கள். மடங்காத காலை வைத்துக்கொண்டு தையல் மெஷினை எப்படி மிதிப்பது?

மத்தியானங்களில் வார்டுக்குப் போய் நோயாளிகளோடு ஜெபிப்பதும் என் வழக்கம்தான். அந்த வார்டுக்கு மட்டும் போகாமல் இருந்தேன். ஆனால் அந்த அம்மாளே ஆளனுப்பிக் கூப்பிட்டார். எல்லாருக்கும் ஜெபிக்கிற அக்கா எனக்கு மட்டும் வரமாட்டாரா என்று கேட்டாராம். போனேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. எனக்காகவும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா. மூணு ஜாக்கெட்டு வெட்டி அப்படியே கெடக்கு. கல்யாண வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்களோ.”

ஜெபித்தேன். வேறென்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ரொம்ப உருக்கமாகவே ஜெபித்தேன். பக்கத்துக் கட்டில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தியேட்டர் நர்ஸ் சும்மா இருக்கவில்லை. ஆபரேஷன் குறிப்பில் லோடு எண் இருந்தது. அதை வைத்துக் கீழே வந்து ரிஜிஸ்டரைப் புரட்டி, நாடாவைக் கண்டுபிடித்துவிட்டார். மதர் அறையில் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மதர், அறுவை டாக்டர், தியேட்டர் நர்ஸ். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் வால்வு.

என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான். நாடாவைப் பார்க்காமல் ஏன் அனுப்பினீர்கள்? அவசரத்தில் டேப்பைப் பார்த்து அனுப்பிவிட்டேன், அது என் தவறு என்றேன். அது உண்மைதான், உண்மையில் சௌகரியமான பாதி. ஒன்றரை மணிக்குப் பார்த்ததை நான் சொல்லவில்லை. எப்போது ஒட்டினீர்கள் என்று அவர்கள் கேட்கவும் இல்லை. பிறகு டாக்டர் வால்வைப் பார்த்தார்.

“அலாரம் அடிச்சிருக்கு. உங்க சாவியைப் போட்டு நிறுத்தியிருக்கீங்க. நிறுத்தினதும் லோடை ரத்து பண்ணணும்னு தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் பண்ணல?”

வால்வு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வாசலில் ஒருவருக்கு வழிவிட்டு நிற்போமே, அப்படிப் பார்த்தார். நீங்கள் முதலில் சொல்லுங்கள் அக்கா என்று காத்திருந்தார். நான் என் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஜெப நேரம் சார்” என்றார் வால்வு கடைசியில். “எல்லாரும் ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க. தொந்தரவா இருக்குமேன்னு...”

“ஜெபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்று மதர் சட்டென்று குறுக்கிட்டார். “சாவி யாரோடது? அதுதான் இங்க கேள்வி.”

“என்னோடதுதான் மதர்.”

“யாராவது நிறுத்தச் சொன்னாங்களா?” என்று கேட்டவர் தியேட்டர் நர்ஸ். அவர் கேட்டது வால்விடம்; பார்த்தது என்னை.

வால்வு மறுபடி என்னைப் பார்த்தார். இந்த முறை அதிக நேரம் பார்க்கவில்லை.

“இல்லீங்க” என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவருக்கு வேலை போயிற்று.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் ஞானப்பிள்ளை என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. அவளிடம் வால்வு ஒன்றுமே சொல்லவில்லை என்பது அவள் பேசப் பேசப் புரிந்தது.

“கேட்டா வால்வுதான் போச்சுங்கறாரு அக்கா. ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கறாரு. இருபது வருஷமா அந்த மெஷினைத் தவிர அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. மதர் நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. இவளுக்கு நீங்கதான இன்னொரு அம்மா.”

“நான் ஜெபம் பண்றேன்மா” என்றேன்.

அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். தடுத்தேன். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். என் கணவர் ரிட்டயர்டு டிரைவர். வீட்டில் வாயே திறக்கமாட்டார், திறந்தால் நேராக வந்து மோதுவார்.

“ஜெபம் பண்றேன்னியே, என்னான்னு பண்ணுவ?”

“ஏன் அப்படிக் கேக்கறீங்க?”

“இல்ல, அந்தப் பொண்ணு கேட்டது ஜெபம் இல்லையே. மதர்கிட்ட ஒரு வார்த்தை. அதான் கேட்டேன்.”

அந்தச் சனிக்கிழமை தொட்டியில் முழந்தாள் படியிட்டு, சின்னது பெரியது என்று அடுக்காமல், மொத்தத்தையும் சொன்னேன். கை ஆட்டியது, நாடா, டெலிபோன், ‘ம்’, தையல்காரம்மாவுக்கு ஜெபித்தது, விசாரணை, எல்லாம். அழுகையில் பாதி வார்த்தை சாமியாருக்குப் புரிந்திருக்காது.

“இங்க சொன்னது சரி” என்றார். “ஆனா இங்க சொல்றதோட இது முடியாது. அந்தத் தம்பி மேல இருக்கற பழியை நீங்கதான் எடுக்கணும். அந்த அம்மாவுக்கும் உண்மை தெரியணும். செய்வீங்களா?”

“செய்றேன், ஃபாதர்.”

“அந்த வார்த்தைய நம்பித்தான் பாவமன்னிப்பு தர்றேன்.”

திங்கட்கிழமை காலையிலேயே மதரிடம் போனேன். போனேன் என்பதையாவது என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னேன். மதர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முகத்தில் பெரிய மாற்றமில்லை. அவருக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

“சொன்னது நல்லது. உங்க மனசாட்சி சுத்தமாச்சு” என்றார். “ஆனா அறிக்கை மேல போயாச்சு. இப்ப மாத்தினா என்ன பேசுவாங்க, யோசிங்க. ஜெபத்தால ஒரு பொம்பளையோட கால் போச்சும்பாங்க. ஆஸ்பத்திரிக்கு மட்டுமா கெட்ட பேரு?”

“அப்ப அந்தத் தம்பி?”

“வேற எடத்துல சொல்லிப் பாக்கறேன். நீங்க எழுத்துல குடுத்தா நான் வாங்கித்தான் ஆகணும். விசாரணையத் திரும்பத் தொறக்கணும். அப்புறம் உங்க வேலை இருக்காது. வகுப்பு எடுக்கறதும் கஷ்டம். நல்லா யோசிச்சு எழுதுங்க.”

வெளியே வந்தபோது எனக்கு வந்தது துக்கமில்லை. நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான். சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு. இந்த நிம்மதி ஆறுவதற்குள் வால்வையும் பார்த்து ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. அன்று சாயங்காலமே போனேன். போகிற வழியில் பழம்கூட வாங்கினேன். பழம்!

வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். சமையலறைக் குழாயைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. மதர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் அத்தனை நாளும் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்கு உறைத்தது.

“நெஜமாவாக்கா? எழுதிக் குடுத்தீங்களா?”

“இல்ல... வாயால சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

சொன்னேன். அவர் முகம் பழையபடி ஆயிற்று. குனிந்து ஒரு வாஷரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தத் தையல்காரம்மாகிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

“மன்னிப்புக் கேக்கத்தான் தம்பி. மனசு கெடந்து அடிச்சுக்குது. நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“சொல்ல மாட்டேன்க்கா” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “சொன்னா நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவீங்க. உங்களுக்கு அந்த வழக்கம் உண்டு. அன்னைக்கு அந்த ரூம்ல உங்க மூஞ்சியப் பாத்தேன். ஒரு வார்த்தைக்காகத்தான் நின்னேன். நீங்க சொல்லியிருந்தா, தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்னு நானே சொல்லியிருப்பேன். சொல்லிட்டுச் சேந்து வெளிய வந்திருப்போம். இப்ப என்னோட மன்னிப்பு ஒண்ணுதான் உங்ககிட்ட இல்லாதது. அது எங்கிட்டயே இருக்கட்டும்.”

“நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன் தம்பி. சத்தியமா.”

“குடுங்க” என்றார். “குடுத்துட்டு வாங்க.” பழப்பையை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழாயின் முன்னால் உட்கார்ந்தார்.

அன்றே எழுதத் தொடங்கினேன். மொத்தம் நான்கு முறை எழுதினேன். முதலாவது ரொம்ப நீளம். இரண்டாவதில் ஜெபம் என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன், நன்றாக இல்லை. அடுத்த வாரம் எழுதிய மூன்றாவது சரியாகவே வந்தது, ஆனால் மதர் அந்த வாரம் ஊரில் இல்லை. நான்காவது என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. தேதி போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது.

மதர் சொல்லிவிட்ட இடத்தில் வால்வுக்கு வேலை கிடைக்கவில்லை. பழைய வேலையிலிருந்து ஏன் நின்றீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பழைய இடத்துக்குப் போன் போட்டிருக்கிறார்கள். இப்போது வீடு வீடாகக் குழாய் ரிப்பேருக்குப் போகிறார். என் ஞானப்பிள்ளைக்குப் புதுநன்மை ஆயிற்றாம், முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த விழா, வேறு பங்குக் கோயிலில். எனக்குச் சொல்லவில்லை. தையல்காரம்மா ஒருமுறை பரிசோதனைக்கு வந்தபோது, வேலையாய் நடையில் போய்க்கொண்டிருந்த என்னைத் தூரத்திலேயே கண்டு கையசைத்தார். ஒரு காலை நீட்டியபடியே தள்ளுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் கையசைத்துவிட்டு மாடிப்படி பக்கம் திரும்பிவிட்டேன்.

எங்கள் பங்குச் சாமியாரிடம் நான் இப்போது பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதில்லை. கொடுத்த வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது? சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி வேறொரு கோயிலுக்குப் போகிறேன். பெரிய கோயில், நிறையக் கூட்டம், யாருக்கும் யாரையும் தெரியாது. சாமியாரும் புதியவர். ஒருநாள், வழக்கமான நாலைந்தை நான் அடுக்கி முடித்ததும், அந்தச் சாமியார் இதமாகக் கேட்டார், நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா என்று. வீட்டில்தான் இருக்கிறேன், ஃபாதர் என்றேன்.